சித்திரை வெயிலில் தோட்டம் பார்த்தல்

பங்குனி கடைசியிலேயே பலர் தோட்டத்துக்கு விடுமுறை விட்டுவிடுகிறார்கள். வெயில் ஏறிவிட்டது, செடி வாடுகிறது, இனி ஆடி மழைக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம் என்று ஜன்னலைச் சாத்திவிட்டு மின்விசிறிக்குக் கீழே போய்விடுவது வழக்கம். ஆனால் சித்திரையையும் வைகாசியையும் நம் முன்னோர் இளவேனில் என்றுதான் சொன்னார்கள். முதுவேனில் அவர்கள் கணக்கில் ஆனியும் ஆடியும். மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும் அக்னி நட்சத்திரம் இந்த இளவேனிலின் நடுவில்தான் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதே நாட்களில்தான் கொன்றை தொங்குகிறது, புங்கை உதிர்கிறது, மல்லிகை கொட்டுகிறது, குயில் தொண்டை கட்டாமல் கத்துகிறது, தையல்சிட்டு குஞ்சுக்குப் புழு தேடி நாய்போல் அலைகிறது.

செடி வளர்ப்பதற்கு இது சுகமான பருவம் இல்லைதான். பார்ப்பதற்கு இதைவிடத் தோதான பருவம் கிடைப்பது கஷ்டம். அதற்கு வேண்டியது ஒரு நாற்காலி, ஒரு மண் தட்டு, இரண்டு மாதம் கத்தரிக்கோலைத் தொடாமல் இருக்கும் பொறுமை.

சென்னைவாசியான மா. கிருஷ்ணன் (1912–1996) இந்தியக் காட்டுயிர் எழுத்தில் பெரிய பெயர். 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950இல் ஆரம்பித்த பத்தியை அவர் இறக்கும்வரை எழுதினார். புலியும் யானையும் மட்டும் அல்ல, அணில், காகம், ஓணான் போன்ற அக்கம்பக்கத்துக் குடித்தனக்காரர்களும் அதில் இடம்பெற்றார்கள். வீட்டைச் சுற்றி இருப்பதைப் பார்க்கத் தெரியாதவருக்கு முதுமலைக்குப் போனாலும் ஜீப்பின் பின்பக்கம்தான் தெரியும்.

எப்போது, எங்கே உட்கார்வது

காலை ஐந்தே முக்காலிலிருந்து எட்டு மணி வரை. மாலையில் ஐந்து மணியிலிருந்து விளக்கு போடும் வரை. நடுப்பகலில் தண்ணீர்த் தட்டைத் தவிர வேறெங்கும் பெரிதாக ஒன்றும் நடக்காது. அப்போது பறவைகளும் நம்மைப்போல நிழலில் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கும்.

நாற்காலி தினமும் ஒரே இடத்தில் இருக்கட்டும், சூரியன் முதுகுப் பக்கம் இருக்கட்டும். முதல் இரண்டு நாள் எல்லாம் விலகிப் போகும். நாலாம் நாள் மனிதரும் ஒரு தூண் என்று கணக்கில் சேர்த்துவிடும். தொலைநோக்கி வாங்குவதானால் எட்டு மடங்கு பெரிதாக்கும் 8×42 போதும். பத்து மடங்கு என்று ஆசைப்பட்டால் கை நடுக்கமும் பத்து மடங்காகத் தெரியும். மாடிக் குடியிருப்பில் நாலு தொட்டி வைத்திருப்பவருக்குத் தொலைநோக்கியே வேண்டாம். பால்கனியில் ஒரு கத்தரிச் செடியும் ஒரு செம்பருத்தியும் இருந்தால் இந்த அத்தியாயத்தில் பாதி அங்கேயே நடக்கும்.

ஒரு நாற்பது பக்க நோட்டும் வேண்டும். தேதி, மணி, எந்தச் செடி, யார் வந்தது, என்ன செய்தது: இவ்வளவுதான். பெயர் தெரியாவிட்டால் 'வாலைத் தூக்கும் பச்சைக் குருவி' என்று எழுதினால் போதும், பெயர் பிறகு தானாக வந்து சேரும்.

கொன்றைக்கு அடியில் கால் மணி நேரம்

சரக்கொன்றையைத் தூரத்திலிருந்து பார்த்து 'ஆஹா' சொல்லிவிட்டுப் போகிறவர்களே அதிகம். கேரளத்தில் விஷுக்கணிக்கு அது இல்லாமல் முடியாது. அந்த மாநிலத்தின் பூவும் அதுதான். கைக்கு எட்டும் கொத்து ஒன்றைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தால் வேறு ஒரு சங்கதி தெரியும்.

ஐந்து மஞ்சள் இதழ். நடுவில் பத்து மகரந்தத் தாள்கள். அவற்றில் மூன்று மட்டும் நீளமாக, தூண்டில் முள்போல வளைந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மற்றவை குட்டை. இந்தப் பூவில் தேன் கிடையாது; வருகிறவருக்குக் கூலி மகரந்தம்தான். வருகிறவர் பெரும்பாலும் கருவண்டு என்று ஊரில் சொல்லப்படும் தச்சன் தேனீ. கட்டைவிரல் நுனி அளவு, உடம்பெல்லாம் கறுப்பு, இறக்கையில் நீலமும் ஊதாவும் மின்னும். பறந்து வரும்போது கனமான ஒரு 'உம்ம்' கேட்கும். பூவில் உட்கார்ந்து குட்டைத் தாள்களைக் காலால் கட்டிப்பிடித்ததும் இறக்கையை மடக்கிக்கொண்டு, பறப்பதற்கான தசையை மட்டும் உதறும். அப்போது சத்தம் சட்டென்று சுருதி ஏறி 'ஸ்ஸீ' என்று மாறுகிறது. கண்ணை மூடிக்கொண்டே எத்தனை பூ ஆயிற்று என்று எண்ணிவிடலாம்.

அந்த அதிர்வில் குட்டைத் தாள்களின் மகரந்தம் உதிர்ந்து வண்டின் குடும்பச் சாப்பாட்டுக்குப் போகிறது. நீளமான மூன்றும் வண்டின் உடம்பில் அதற்கு எளிதில் எட்டாத இடத்தில் மகரந்தத்தைப் பூசிவிடுகின்றன. அடுத்த பூவின் சூல்தண்டு சரியாக அந்த இடத்தைத்தான் தொடும். சாப்பாட்டுக்கு ஒரு பந்தி, பயணச் சரக்குக்கு வேறொரு பந்தி.

வண்டு கொட்டுமோ என்று பயப்பட வேண்டாம். மனிதரைப் பொருட்படுத்த அதற்கு நேரம் இல்லை, கையில் பிடித்து நசுக்கினால் தவிர.

கொன்றையின் இளந்தளிரைச் சுற்றி வெளிர் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு வண்ணத்துப்பூச்சி படபடத்தால் அது கொன்றை வெள்ளையன். தேன் தேடி அல்ல, முட்டையிட வந்திருக்கிறது. புழு இலைநரம்பின் மேலேயே நீட்டி நிமிர்ந்து படுத்திருக்கும். இலைப் பச்சையும் புழுப் பச்சையும் ஒன்று. கொஞ்சம் தளிர் போகும். கொன்றை அதைத் தாங்கிக்கொள்ளும், தோட்டக்காரர்தான் தாங்குவதில்லை.

வேம்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, முகர அதிகம் உண்டு. சித்திரை முதல் நாள் பச்சடிக்கு என்று கிளையை முறித்து உருவுவதைவிட, முந்தின மாலை மரத்தடியில் ஒரு பழைய வேட்டியை விரித்துவிட்டால் காலையில் பூ தானாக விழுந்திருக்கும். கிளையில் மிச்சம் இருப்பது தேனீக்கு. புங்கம்பூ உதிர்ந்த தரையைச் சங்கப் புலவர்கள் பொரியோடு ஒப்பிட்டார்கள். அந்தப் பொரியைத் தினமும் பெருக்கிக் குப்பையில் போடுகிற வீடுகளைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. நாலு நாள் விட்டுவைத்தால் தவிட்டுக் குருவிகள் ஏழெட்டு சேர்ந்து வந்து, இலையையும் பூவையும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் போட்டு அடியில் இருக்கும் பூச்சியைத் தின்னும். வீட்டு வாசலை மட்டும் சுத்தமாக வைத்துக்கொண்டு, சருகை மரத்தடியில் மூடாக்காகத் தள்ளிவிட்டால் பாம்புப் பயமும் குறையும், வேருக்கும் குளிர்ச்சி.

தையல் பார்ப்பது

இந்தப் பருவத்தில் ஒரே ஒரு காட்சிதான் பார்க்கக் கிடைக்கும் என்றால் தையல்சிட்டைத் தேர்ந்தெடுக்கலாம். முதுகு இலைப் பச்சை, உச்சந்தலை துரு நிறம், வால் எப்போதும் செங்குத்து. உடம்பு கட்டைவிரல் அளவு. குரல் தெருமுனை வரை. 'டுவீட் டுவீட் டுவீட்' என்று விடாமல் அடிக்கும் அந்தச் சத்தம் இவ்வளவு சின்னதிலிருந்தா வருகிறது என்று முதல்முறை பார்க்கிறவர்கள் நம்புவதில்லை.

கூடு கட்டுவது பெட்டை. இடுப்பு உயரத்தில், அகலமான இலையுள்ள செடி அதற்குப் பிடிக்கும்: கத்தரி, எலுமிச்சை, நந்தியாவட்டை, குரோட்டன்ஸ், இளம் தேக்கு. ஒரு பெரிய இலையை அல்லது பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு மூன்று இலைகளைச் சேர்த்து, ஓரங்களில் அலகால் துளை போடுகிறது. பிறகு பஞ்சுத் திரி, நார், சிலந்தி நூல் ஏதாவது ஒன்றைத் துளைக்குள் செருகி மறுபக்கம் இழுக்கிறது. முடிச்சு கிடையாது. வெளியே வந்த நுனி பிசிறிப் போய், பொத்தான்போலத் தடித்துத் துளையை அடைத்துக்கொள்கிறது. கொஞ்சம் தள்ளி அடுத்த துளை. இலை காம்போடுதான் இருக்கிறது, ஓரத்தில் மட்டும் ஓட்டை. அதனால் வாடாமல் பச்சையாகவே நின்று கூட்டை மறைக்கிறது. உள்ளே மெத்தைக்கு இலவம்பஞ்சு. இலவங்காய் வெடித்துப் பஞ்சு பறப்பதும் இதே பங்குனி, சித்திரையில்தான்.

முட்டை மூன்று நான்கு. பொரிக்க ஏறக்குறைய 12 நாள், குஞ்சு பறக்க இன்னும் இரண்டு வாரம். ஆகமொத்தம், தைத்து முடித்த நாளிலிருந்து ஒரு மாதம் அந்தச் செடி வீட்டுக்காரருடையது இல்லை என்று வைத்துக்கொள்ள வேண்டும். தண்ணீரை மண்ணில் ஊற்றலாம், குழாயால் இலைமேல் பீய்ச்சக் கூடாது. மூன்று நான்கு மீட்டர் தள்ளி நின்று பார்க்கலாம். கூட்டுக்குள் கைப்பேசியை நீட்டிப் படம் எடுக்கக் கூடாது. வீட்டார் அடிக்கடி எட்டிப் பார்க்கும் இடத்தை மதில்மேல் இருக்கும் காகம் குறித்து வைத்துக்கொள்ளும். செண்பகம் இன்னும் மோசம். புதருக்குள் நடந்தே வந்து முட்டையை எடுத்துவிடும்.

தேன்சிட்டுகளுக்கும் இதுவே கூடு காலம். ஊதாத் தேன்சிட்டு ஆண் இப்போது கருநீலமாக மின்னும். பருவம் முடிந்ததும் அந்த அங்கியைக் கழற்றிவிட்டு, மங்கலான மஞ்சளில் தொண்டை நடுவே ஒரு கறுப்புக் கோட்டோடு வேறு பறவைபோல ஆகிவிடும். இரண்டும் ஒன்று என்று தெரியாமல் நோட்டில் இரண்டு பெயர் எழுதியவர்கள் உண்டு. செம்பருத்திக்கு இது வரும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. பூவின் வாய்வழியாக நுழைவதே அபூர்வம். அடிப்பக்கம் ஓட்டை போட்டுத் தேனை உறிஞ்சிவிட்டு மகரந்தம் படாமல் போய்விடும். முழுத் திருட்டு!

கூடு ஒரு கிழிந்த பைபோல, கொடியிலோ மின்கம்பியிலோ துணிக்கயிற்றிலோ தொங்கும். சிலந்தி நூல், மரப்பட்டைத் துணுக்கு, புழு எச்சம் எல்லாம் ஒட்டிக்கொண்டு குப்பைபோல இருப்பதால் வெள்ளையடிக்க வருகிறவர்கள் அதை முதலில் தட்டிவிடுகிறார்கள். இந்தக் காலத்தில் ஆண் தேன்சிட்டு மோட்டார் சைக்கிள் கண்ணாடியில் தன் உருவத்தைப் பார்த்துப் போட்டிக்காரன் என்று மணிக்கணக்கில் கொத்தும். வேடிக்கையாகத்தான் இருக்கும், குருவிக்கு வீண் அலைச்சல். கண்ணாடிமேல் ஒரு பழைய காலுறையை மாட்டிவிட்டால் சண்டை முடிந்தது.

கேட்பதும் ஒரு பார்வைதான்

குயில் கூவுவது ஆண், அதுவும் காகம் கூடு கட்டும் காலத்தை ஒட்டி. பெட்டை உடம்பெல்லாம் புள்ளி விழுந்த பழுப்பு. அது கூவாது, 'கிக் கிக் கிக்' என்று அவசரமாகக் கத்தும். ஆணைக் காகங்கள் துரத்திக்கொண்டு போகும் நேரத்தில் பெட்டை எங்கே போகிறது என்று பாருங்கள்.

வெயில் நேரத்தில் எங்கோ ஒரு பட்டறையில் செம்பு தட்டுவதுபோல 'டுக் டுக் டுக்' என்று ஒரே சீராகக் கேட்டால் அது செம்மார்புக் குக்குறுவான். நிமிஷத்துக்கு நூறு தட்டுக்கு மேல் போகும். தட்டும்போது தலையை இப்படியும் அப்படியும் திருப்புவதால் சத்தம் வரும் திசை பிடிபடாது. பட்டுப்போன கிளையில் துளை குடைந்து அது குடியிருக்கும். பட்ட கிளை யார் தலையிலும் விழாத இடத்தில் இருந்தால், அதை வெட்டாமல் விடுவதே இந்தக் குருவிக்குச் செய்யும் பெரிய உபகாரம்.

அணில் வாலை உதறி உதறி 'சிப் சிப்' என்று நிறுத்தாமல் கத்துகிறது, கொண்டைக்குருவியும் தவிட்டுக் குருவியும் சேர்ந்துகொள்கின்றன என்றால் பூனையோ பாம்போ வல்லூறோ வந்திருக்கிறது. எல்லாம் முகத்தைத் திருப்பியிருக்கும் திசையைப் பார்த்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம்.

சத்தமே போடாதவர் ஓணான். ராமருக்கு உதவிய அணில், உபத்திரவம் செய்த ஓணான் என்ற ஊர்க்கதையால் அது தலைமுறை தலைமுறையாகக் கல்லடி வாங்குகிறது. இரத்தம் உறிஞ்சும் என்பது பொய். ஆண் ஓணானுக்கு இந்த மாதங்களில் தலையும் தோளும் செக்கச்செவேல் என்று ஆகிவிடும், தொண்டையில் கறுப்புத் திட்டு விழும். மதில்மேல் ஏறி முன்னங்காலை ஊன்றித் தண்டால் எடுக்கும். எதிர் மதிலில் இன்னொன்று பதிலுக்கு எடுக்கும். பெட்டை ஈரமான பொலபொலப்பான மண்ணைத் தோண்டி 10 முதல் 20 முட்டை வரை இட்டு மூடும், பல வீடுகளில் அந்த மண் பூந்தொட்டி மண்தான். தொட்டியைக் கொத்தும்போது வெள்ளையாக, தோல்போன்ற ஓட்டோடு முட்டை தென்பட்டால் உருட்டாமல், இருந்த வாக்கிலேயே மண்ணைப் போட்டு மூடிவிட வேண்டும். ஆறேழு வாரத்தில் தீக்குச்சி நீளத்தில் குஞ்சுகள் வெளியே வரும்.

தண்ணீர், மருந்து, விழுந்த குஞ்சு

தண்ணீர்த் தட்டு மண்ணாக, சொரசொரப்பாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக்கில் கால் வழுக்கும், எவர்சில்வர் வெயிலில் கொதிக்கும். ஆழம் இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். நடுவில் நாலைந்து கூழாங்கல் போட்டால் தேனீயும் குளவியும் மூழ்காமல் குடிக்கும். நிழலில், கிளை ஒன்று பக்கத்தில் இருக்க, பூனை ஒளிய இடமில்லாமல் வைக்க வேண்டும். தினமும் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி நிரப்பினால் கொசு முட்டையும் போய்விடும். கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரமாவது ஆகும்.

கோடையில் செம்பருத்தியை மாவுப்பூச்சி பிடிப்பது நிச்சயம். பூச்சிமருந்தை எடுப்பதற்கு முன்னால் அந்த வெள்ளைப் பஞ்சை ஒரு குச்சியால் தொட்டுப் பார்க்க வேண்டும். மாவுப்பூச்சி அசையாது, அசைந்தாலும் சோம்பேறித்தனமாக. விறுவிறு என்று நடந்தால் அது மாவுப்பூச்சியைத் தின்னும் ஒரு பொறிவண்டின் புழு; அதுவும் மெழுகுப் பஞ்சு போர்த்திக்கொண்டு ஆளை ஏமாற்றும். காபிச் செடியின் செதில்பூச்சியை அடக்க 1898இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட வண்டு அது. காவல்காரனையும் திருடனையும் சேர்த்துக் கொல்வதற்குப் பதில், தண்ணீரைப் பீய்ச்சியோ பழைய பல்துலக்கியால் தேய்த்தோ எடுத்துவிடலாம். வேப்பெண்ணெய்தான் தெளிப்பேன் என்றால், தேனீ வீடு திரும்பிய பிறகு, அந்தியில்.

எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் குருவி எச்சம்போல ஒட்டிக்கொண்டிருப்பது எச்சம் அல்ல, எலுமிச்சை அழகி என்ற வண்ணத்துப்பூச்சியின் இளம் புழு. வளர்ந்ததும் பச்சையாகிவிடும். விரலால் மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டைபோல ஒரு செம்மஞ்சள் கொம்பை நீட்டி, ஒரு மாதிரி நாற்றத்தை விடும். குழந்தைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல வித்தை இல்லை. ஒரு செடியில் நாலைந்து புழு இருந்தால் குடும்பத்துக்குத் தாளிக்க இலை மிச்சம் இருக்கும்.

சித்திரையில் எந்த வீட்டிலும் ஒரு முறையாவது குஞ்சு கீழே விழும். உடம்பில் இறகு இல்லாமல் சிவப்பாக இருந்தால் எடுத்துக் கூட்டிலேயே வைக்கலாம். மனிதர் தொட்டால் தாய் சேர்க்காது என்பது வெறும் பேச்சு. இறகு முளைத்து, வால் குட்டையாக, தத்தித் தத்தி ஓடுகிறது என்றால் அது விழவில்லை, பறக்கப் பழகுகிறது. தாயும் தகப்பனும் பத்தடிக்குள் இருக்கும். பூனையை உள்ளே அடைத்துவிட்டு மனிதரும் உள்ளே போய்விடுவதே உதவி. வாயைப் பிளந்து பால் ஊற்றுவது, தண்ணீர் புகட்டுவது எல்லாம் குஞ்சின் மூச்சுக்குழாயில் போய் முடியும்.

விளக்கை அணைத்த பிறகு

மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அந்தப் பூ அவிழும் கணத்தைப் பார்த்தவர்கள் பூ விற்கும் ஊரிலேயே குறைவு. சந்தைக்கு மொட்டாகவே பறித்துவிடுகிறார்கள். வீட்டுச் செடியில் ஒரு கிளையைப் பறிக்காமல் விட்டு, ஆறரை மணிக்கு அதன் பக்கத்தில் உட்கார்ந்தால் மணம் முதலில் வரும், இதழ் பிறகு விரியும்.

வாழை குலை தள்ளியிருந்தால் பகலில் தேன்சிட்டுக்கும் இரவில் வௌவாலுக்கும் அதே பூதான் விருந்து. கோடை மழை ஒன்று பெய்துவிட்டால் தேரையும் மரத்தவளையும் கச்சேரியைத் தொடங்கிவிடும். ஈசல் வீட்டுக்குள் வராமல் இருக்க வாசல் விளக்கை அணைத்துவிடலாம். மறுநாள் காலையில் கரிச்சானும் மைனாவும் புல்தரையில் ஈசல் பொறுக்குவதைப் பார்க்கத் தவறக் கூடாது.

இந்த இரண்டு மாதத்தில் புதிதாக எதையும் நடுவதில் பயன் குறைவு. எந்தச் செடிக்கு யார் வந்தார்கள் என்று நோட்டில் சேர்த்துவைத்தால், ஆடிப் பட்டத்தில் எதை நடுவது என்பது தானாகத் தெரிந்துவிடும். கொன்றை வேண்டும் என்பவர்கள் இப்போதே விதை எடுத்து வைக்கலாம். பூங்கொத்துக்கு நடுவில் கன்னங்கரேல் என்று முழம் நீளத்தில் தொங்கும் குழல்கள் சென்ற வருஷத்துப் பூவின் காய்கள். பழுத்துக் கறுக்க அவற்றுக்குக் கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஆகிறது. உடைத்தால் ஒவ்வொரு அறைக்கும் ஒரு விதை இருக்கும். தோல் கல்போல இருப்பதால் அப்படியே ஊன்றினால் லேசில் முளைக்காது. உப்புத்தாளில் ஒரு பக்கம் தேய்த்து, இரவு முழுதும் தண்ணீரில் ஊறவைத்துப் பிறகு ஊன்ற வேண்டும்.